பேத்தியிடம் நேரில் போய்ப் பேசு

அன்புள்ள சிவகாமி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு ஏழு மாதம் ஆகிவிட்டதா! மகனும் மருமகளும் வீட்டில் ஆங்கிலமே பேசுகிறார்கள், கனடா விசா வந்தும் குளிர் குறையட்டும் என்று இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். தள்ளிப்போடாதே, இப்போதே கிளம்பு.

1984-இல் வெளியான ஆய்வொன்றில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் த, ட ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். ஒலி மாறியதும் குழந்தை தலையைத் திருப்பினால் ஒரு பொம்மை ஒளிர்ந்து ஆடும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் சரியாகத் திரும்பினார்கள். பத்து, பன்னிரண்டு மாதத்தில் மிகச் சிலராலேயே முடிந்தது. அவர்கள் காதில் குறை எதுவும் இல்லை. சுற்றிலும் புழங்கும் ஒலிகளுக்கு ஏற்ப மூளை தன்னை அமைத்துக்கொண்டுவிடுகிறது. நாமும் அப்படித்தான்: 'பக்கம்', 'பகல்' இரண்டையும் சொல்லிப் பார், ககரம் வேறு வேறாக ஒலிக்கும். நமக்கோ இரண்டும் ஒரே 'க'.

அந்த ஒலிகள் எங்கே பதிகின்றன என்று கேட்பாய். வலிப்பு நோய்க்கான அறுவைக்காக மூளையின் மேற்பரப்பில் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த சிலரிடம் சான் ஃபிரான்சிஸ்கோவில் எட்வர்ட் சாங் குழுவினர் ஆராய்ந்து, 2014-இல் எழுதினார்கள். காதுக்கு உள்புறமாக, பொட்டுப் பகுதி மூளையின் மேல்மடிப்பில் எழுத்துக்கு ஓர் இடம் என்று இல்லையாம். ஓர் இடம் வெடித்து வரும் ஒலிகளுக்கெல்லாம் துடிக்கிறது, இன்னோர் இடம் மூக்கொலிகளுக்கு. வல்லினம், மெல்லினம் என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுத்த பிரிவு நினைவுக்கு வந்து எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

தினமும் வீடியோவில் கொஞ்சுகிறேனே என்பாய். 2003-இல் சியாட்டிலில் பட்ரிஷியா கூல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளைச் சீன மொழி கேட்கவைத்தார். எதிரே ஆள் உட்கார்ந்து படித்துக்காட்டி விளையாடியபோது, பன்னிரண்டு அமர்வுகளில் சீன ஒலிகள் பிடிபட்டன. அதே ஆட்களின் பேச்சைத் திரையில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. உன் அழைப்பில் நீ குழந்தைக்குப் பதில் சொல்கிறாய், அது ஓடும் படத்தைவிட மேல்தான். ஆனாலும் மடியில் வைத்துப் பேசுவதற்கு ஈடாகாது. வளர்ந்த பிறகும் ல, ள, ழ கற்கலாம், பாடுபட்டுக் கற்க வேண்டும்.

போனதும் குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் தமிழிலேயே பேசிக்கொண்டிரு.

எனக்குக் கண் அறுவைக்குத் தை மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். பெரியவன் துணைக்கு வருகிறான், நீ அதற்காகக் காத்திருக்க வேண்டாம். டிக்கெட் எடுத்ததும் எழுது. குழந்தைக்குப் பருத்திச் சட்டைகள் தைத்து வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொண்டு போ.

அன்புடன்,
மீனாட்சி