கோல்கீப்பர் பிரிவின் ஆண்டறிக்கை: டீனோ ஸோஃப்பைப் பாடமாக வைத்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சங்கத்தின் பொதுவான வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த அறிக்கை கோல்கீப்பர் பிரிவுக்கு மட்டும் உரியது. சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இந்த ஆண்டு முழுக்க ஒரே ஒரு கோல்கீப்பரின் ஆட்ட வாழ்க்கை பாடமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. மாதம் ஒரு ஞாயிறு, காலையில் பழைய ஆட்டத்தின் ஒளிப்பதிவு, மாலையில் அதே விஷயத்தை மைதானத்தில் செய்து பார்ப்பது என்பது ஏற்பாடு.

யாரை எடுப்பது என்பதில்தான் இழுபறி. இளைய உறுப்பினர்கள் பெரும்பாலும் பிற்கால இத்தாலிய கோல்கீப்பர் புஃபோன் என்றார்கள். செயற்குழு இத்தாலியின் பழைய கால்பந்து கோல்கீப்பர் டீனோ ஸோஃப் என்று முடிவு செய்தது. காரணம் எளிது. புஃபோனைப் பார்த்தால் பாயத் தோன்றும், ஸோஃப்பைப் பார்த்தால் எங்கே நிற்பது என்று யோசிக்கத் தோன்றும். நம் பிரிவில் பாய்வதற்கு ஆள் பஞ்சம் இல்லை.

வாழ்க்கைக் குறிப்பு சுருக்கமாக. 1942 பிப்ரவரி 28இல் இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஃப்ரியூலி பகுதியின் மரியானோ என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பதினான்கு வயதில் இன்டர், யுவென்டஸ் இரண்டு கிளப்புகளும் பார்த்துவிட்டு, உயரம் போதாது என்று திருப்பி அனுப்பின. பாட்டி தினம் எட்டு முட்டை சாப்பிடச் சொன்னார் என்ற கதை இத்தாலி முழுக்கப் பிரசித்தம். முட்டையோ வயதோ, 1.82 மீட்டர் வரை வளர்ந்தார். 1961இல் உடினேசே கிளப்புக்காக, இத்தாலியின் முதல்பிரிவு லீக்கான சீரி ஆ ஆட்டத்தில் முதன்முதலாக இறங்கினார். எதிரணி ஃபியோரென்டினா. வாங்கியது 5 கோல். அந்தப் பருவத்தில் அவருக்குக் கிடைத்தது மொத்தம் 4 லீக் ஆட்டம், உடினேசேவும் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. 1963இல் மான்டோவா, 1967இல் நாபோலி, 1972இல் யுவென்டஸ். கடைசிக் கிளப்புக்குப் போகும்போது வயது முப்பது. இன்று நம் ஊர்களில் முப்பதில் கையுறையைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

யுவென்டஸில் 11 பருவம். அன்று லீக்கில் 16 அணிகள், பருவத்துக்கு 30 ஆட்டம். 11ஐ 30ஆல் பெருக்கினால் 330. அவர் ஆடியதும் 330. ஒன்றுகூடத் தவறவில்லை. ஜனவரி வகுப்பில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். கோல்கீப்பருக்குக் காயம் பெரும்பாலும் இரண்டு வழியில் வருகிறது: தேவையில்லாத பாய்ச்சலில் தோளும் இடுப்பும் தரையில் மோதுவது, தாமதமாகக் கிளம்பி அடுத்தவர் முழங்காலில் போய் விழுவது. சரியான இடத்தில் நிற்பவருக்கு இரண்டுமே குறையும். அதிர்ஷ்டமும் வேண்டும்தான், ஆனால் 330 முறையும் அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது.

கயிற்றுப் பயிற்சி

ஆண்டின் முக்கால்வாசிப் பயிற்சி இதுதான். தேவையானவை: தலா 35 மீட்டர் நைலான் கயிறு இரண்டு, ஒரு முளை, சுத்தியல். ஒவ்வொரு கயிற்றின் ஒரு முனையை ஒவ்வொரு கோல் கம்பத்தின் அடியில் கட்ட வேண்டும். மறுமுனை இரண்டையும் பந்து இருக்கும் இடத்தில் முளையடித்துச் சேர்க்க வேண்டும். இந்த முக்கோணத்துக்கு உள்ளேதான் பந்து வந்தாக வேண்டும், கோல்கீப்பர் காக்க வேண்டியதும் இதை மட்டுமே.

கோலின் அகலம் 7.32 மீட்டர். பெனால்டி புள்ளி 11 மீட்டரில். கோட்டின் மேல் நடுவில் நின்றால் இரு பக்கமும் 3.66 மீட்டர். ஆட்ட நடுவில் அதே புள்ளியிலிருந்து ஒருவர் அடிக்கிறார் என்றால், 5.5 மீட்டர் முன்னால் வந்து நிற்பவருக்குப் பக்கத்துக்கு 1.83 மீட்டர்தான். கையை நீட்டி ஒரு எட்டு வைத்தால் போதும். இதைச் சொல்லும்போது எல்லாரும் தலையாட்டுகிறார்கள். கயிற்றைக் கட்டி நிறுத்திப் பார்த்தால் பத்தில் ஏழு பேர் முக்கோணத்தின் நடுக்கோட்டில் இல்லை, தூரத்துப் போஸ்ட் பக்கம் சாய்ந்து நிற்கிறார்கள். கிராஸ், அதாவது பக்கவாட்டிலிருந்து கோல் முன்னால் அனுப்பும் பந்து, வரும் என்று மனசு முன்கூட்டியே அங்கே போய்விடுவதுதான் காரணம்.

ஸோஃப்புக்கே இது நடந்திருக்கிறது. 1982 உலகக்கோப்பை, ஜூலை 5, பார்சிலோனாவின் சாரியா மைதானம், பிரேசிலுடன் ஆட்டம். 12ஆவது நிமிடத்தில் சாக்ரடீஸ் வலப்பக்கக் குறுகிய கோணத்திலிருந்து அடித்த பந்து ஸோஃப்புக்கும் பக்கத்துப் போஸ்ட்டுக்கும் இடையே தரையோடு போய் உள்ளே நுழைந்தது. அந்த இடத்தை நம் மைதானத்தில் குறித்துக் கயிறு கட்டிப் பார்த்தோம். பக்கத்துப் போஸ்ட் கயிற்றுக்கும் காலுக்கும் இடையே ஒரு முழத்துக்கு மேல் விட்டால், தரையோடு வரும் வேகமான பந்துக்குக் கை இறங்கி வர நேரம் இல்லை. இதற்குப் பிரிவு வைத்துக்கொண்ட விதி: குறுகிய கோணத்தில் பக்கத்துப் போஸ்ட் கோல்கீப்பருடையது, தூரத்துப் போஸ்ட் பின்கள ஆட்டக்காரருடையது.

தொலைதூர அடி

1978 உலகக்கோப்பையில் ஸோஃப்புக்கு வயது 36. ஜூன் 21இல் நெதர்லாந்தின் ஆரி ஹான் வெகுதொலைவிலிருந்து அடித்த பந்து போஸ்ட்டில் பட்டு உள்ளே போனது. மூன்று நாள் கழித்து மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பிரேசிலின் நெலின்ஹோ, திர்சேயு இருவரும் தூரத்திலிருந்தே போட்டார்கள். இத்தாலியப் பத்திரிகைகள் அவர் கண் போய்விட்டது என்கிற அளவுக்கு எழுதின. பயிற்சியாளர் பெயர்சோட் மாற்றவில்லை.

தூரத்து அடியில் எங்கே தவறுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் பந்து நொடிக்குச் சுமார் 28 மீட்டர் வரும். 11 மீட்டரிலிருந்து என்றால் 0.4 நொடி, 30 மீட்டரிலிருந்து என்றால் ஒரு நொடிக்குச் சற்று மேல். நேரம் இருக்கிறது. ஆனால் 30 மீட்டரிலிருந்து வரும் அடிக்கு 2 மீட்டர் முன்னால் வந்து நின்றாலும் காக்க வேண்டிய அகலம் அரை மீட்டர்தான் குறைகிறது, தலைக்கு மேல் போகும் ஆபத்தோ கூடுகிறது. ஆகவே முன்னால் வருவதில் பயன் இல்லை. பயன் இருப்பது முதல் எட்டில். அடி விழும் கணத்தில் எடை குதிகாலில் இருந்தால் அந்த ஒரு நொடியில் பாதி போய்விடுகிறது. நடுவில் ஆட்கள் மறைத்தால் மீதியும் போகிறது. பயிற்சி இப்படி: 28 மீட்டரில் அடிப்பவர், 15 மீட்டரில் குறுக்கே நடமாடும் இருவர், ஆளுக்கு 12 முறை அடிப்பது. கோல்கீப்பர் அடி விழுமுன் சின்னதாக ஒரு குதி குதித்து இரு முன்பாதங்களிலும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். குதி சீக்கிரமாகிவிட்டால் குதிகாலுக்கு எடை திரும்பிவிடும், தாமதமானால் அந்தரத்தில் இருக்கும்போதே பந்து போய்விடும். மார்ச்சில் ஆரம்பித்தது, ஜூனில்தான் கைகூடியது.

தனியாக ஓடிவருபவர்

1972 செப்டம்பரிலிருந்து 1974 ஜூன் வரை இத்தாலிய அணிக்காக ஸோஃப் 1142 நிமிடம் கோல் வாங்கவில்லை. 12 முழு ஆட்டமே 1080 நிமிடம் ஆயிற்று. அதை முடித்துவைத்தவர் பெரிய அணியின் நட்சத்திரம் அல்ல, ஹைட்டியின் இம்மானுவேல் சனோன். மியூனிக், ஜூன் 15, இரண்டாம் பாதி தொடங்கியவுடன். நீண்ட பாஸ் ஒன்றைத் துரத்தி, காவலரை ஓட்டத்தில் தோற்கடித்து, வெளியே வந்த ஸோஃப்பைச் சுற்றிக்கொண்டு போய் அடித்தார். ஆட்டத்தை 3-1 என்று இத்தாலிதான் வென்றது, ஆனாலும் ஹைட்டியில் இன்றும் அந்தக் கோலைத்தான் பேசுவார்கள்.

இதிலிருந்து எடுத்த பாடம் ஒன்றே. பந்து ஓடுபவரின் காலை விட்டு விலகியிருக்கும்போது ஓட வேண்டும், காலோடு ஒட்டியிருக்கும்போது நிற்க வேண்டும். கடைசி 2 மீட்டரில் ஓட்டம் தணிந்து, கை முழங்காலுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஓட்டத்தோடு போய்ச் சேர்ந்தால் எந்தப் பக்கமும் திரும்ப முடியாது, அவர் சுற்றிக்கொண்டு போய்விடுவார்.

கோட்டின் மேல் பிடித்த பந்து

ஆண்டின் சிறந்த வகுப்பு செப்டம்பரில் நடந்தது. அதே 1982 பிரேசில் ஆட்டம், 3-2 என்று இத்தாலி முன்னணியில், முடிய ஒன்றிரண்டு நிமிடம். ஃப்ரீகிக்கில் வந்த பந்தை ஆஸ்கர் தலையால் முட்டுகிறார். ஸோஃப் விழுந்து பந்தைக் கோட்டின் மேலேயே அமுக்கிப் பிடிக்கிறார். பிரேசில்காரர்கள் கையைத் தூக்கிக் கோல் கேட்கிறார்கள். சமநிலை போதும் என்றிருந்தது பிரேசிலுக்கு, அது கோலானால் இத்தாலி வீட்டுக்கு.

பிடித்தது பாதிதான், பிடித்த பின் செய்தது மீதி. ஒளிப்பதிவை மெதுவாக ஓட்டினால் தெரியும். நாம் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது பந்தைப் பிடித்ததும் நெஞ்சோடு அணைக்க வேண்டும் என்று. கோட்டின் மேல் அது தப்பு. அங்கே நெஞ்சு கோட்டுக்குப் பின்னால் இருக்கிறது, அணைத்தால் பந்தைக் கோலுக்குள் நாமே கொண்டுபோகிறோம். ஸோஃப் பந்தை இழுக்கவில்லை. விழுந்த இடத்திலேயே தரையோடு அழுத்தி வைத்துக்கொண்டார்.

மைதானத்தில் செய்தது: சுண்ணாம்புக் கோட்டைப் புதிதாகப் போட்டு, ஈரத் துணியால் பந்தைத் துடைத்து உருட்டினோம். கோட்டின் அகலம் அதிகபட்சம் 12 செ.மீ., பந்தின் குறுக்களவு சுமார் 22 செ.மீ. முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்டினால்தான் கோல். அதாவது பந்தின் பெரும்பகுதி உள்ளே போனாலும் கோட்டின் மேல் ஒரு விரல்கடை மிச்சமிருந்தால் கோல் இல்லை. ஒரு கை பந்துக்குப் பின்னால், மறு கை மேலே. மேல்கை அழுத்த வேண்டும், பின்கை அசையக் கூடாது. பிடித்த பின் எழக் கூடாது, புரளக் கூடாது, நடுவரைப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. ஈரப் பந்தில் மேல்கை முதலில் போனால் பந்து பின்னால் நழுவுகிறது. பின்கைதான் முதலில் போக வேண்டும்.

அந்த உலகக்கோப்பையில் இத்தாலி 7 ஆட்டத்தில் 6 கோல் வாங்கியது. ஜூலை 11இல் மாட்ரிட்டில் கோப்பையைத் தூக்கிய அணித்தலைவர் ஸோஃப்புக்கு அன்று வயது 40, கூட 133 நாள். அந்தக் கைகளை ஓவியர் குத்தூசோ அஞ்சல்தலைக்கு வரைந்தார்.

மற்றவை

நாட்டு அணியுடன் 1968 ஐரோப்பியக் கோப்பை, ஆறு லீக் பட்டங்கள், 1977 யூஈஎஃப்ஏ கோப்பை, நாட்டுக்காக 112 ஆட்டம் ஆகியவை சுவர்ப்பட்டியலில் இருக்கின்றன. ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் கோப்பை மட்டும் கிடைக்கவில்லை. 1973இல் அயாக்ஸிடமும் 1983இல் ஹாம்பர்க்கிடமும் இறுதி ஆட்டத்தில் 1-0 என்று போனது. ஏதென்ஸில் மாகாட் போட்ட அந்த 1983 கோலை மே வகுப்பில் கயிறு கட்டிப் பார்த்தபோது, ஸோஃப் இடத்தில் தப்பில்லை என்று சிலரும், ஓர் எட்டு முன்னால் நின்றுவிட்டார் என்று சிலரும் வாதிட்டார்கள். வாதம் முடியவில்லை, குறிப்பேட்டில் இரண்டும் பதிவாகியிருக்கிறது.

ஸோஃப் காலத்தில் தன் ஆள் காலால் தள்ளிவிடும் பந்தைக் கையில் எடுக்கலாம். 1992 விதிமாற்றத்துக்குப் பின் முடியாது. எனவே கால் வேலைக்கு அவரிடம் பாடம் இல்லை, அதை உறுப்பினர்கள் மனதில் கொள்ள வேண்டும்.

வரும் ஆண்டுக்கு இன்னோர் இத்தாலிய கோல்கீப்பர் வால்டர் ஸெங்கா முன்மொழியப்பட்டிருக்கிறார். 1990 உலகக்கோப்பையில் 517 நிமிடம் கோல் வாங்காமல் நின்று, நேப்பிள்ஸில் அர்ஜென்டினாவின் கிராஸுக்கு வெளியே வந்து, பந்தை எட்டுமுன் கனீஜியாவின் தலை பட்டதில் அது முடிந்தது. கிராஸுக்கு எப்போது வெளியே வருவது என்பது நம் பிரிவின் இப்போதைய பலவீனம், ஆகவே பொருத்தமான தேர்வு.

நைலான் கயிறு இரண்டும் போஸ்ட் அடியில் உராய்ந்து நார் நாராகப் பிரிந்துவிட்டன. புதிதாக 70 மீட்டர் வாங்கவும், முனைகளில் சைக்கிள் டியூப் சுற்றவும் பொதுக்குழுவின் அனுமதி கோரப்படுகிறது.

இப்படிக்கு,
செயலாளர், கோல்கீப்பர் பிரிவு