ரஜபில் ஒரு ஜும்ஆவை நோயாளிகளுக்காகத் தாருங்கள்

தமிழகப் பள்ளிவாசல்களின் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஆலிம் பெருமக்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

சென்ற ரமளானில் ஒருநாள், அஸர் தொழுதுவிட்டு வந்த என் வாப்பா திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்வை. கை நடுங்கியது. கேட்டது ஒன்று, அவர் சொன்னது வேறொன்று. நீண்டகாலச் சர்க்கரை நோயாளி. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். உம்மா சர்க்கரை பார்க்கும் கருவியுடன் ஓடிவந்தபோது, வாப்பா விரல்களை இறுக மடக்கிக்கொண்டார். “இரத்தம் வந்தால் நோன்பு முறிந்துவிடும்.” நான்தான் விரலைப் பிரித்துக் குத்தினேன். கருவி 52 காட்டியது. சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துத் தெளிந்த பிறகு, சிறுபிள்ளையைப் போல அழுதார்.

விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி 1997-இலேயே இதைத் தெளிவுபடுத்திவிட்டது: பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதும், சத்துக்காகச் செலுத்தப்படாத ஊசிகளும் நோன்பை முறிப்பதில்லை. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையும், கரைந்து தொண்டைக்கு வருவதை விழுங்காதவரை, அப்படியே. கால் நூற்றாண்டு கடந்தும் இந்தச் செய்தி எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரவில்லை.

நான் நோன்புக்கு எதிராக எழுதவில்லை. ரமளானில் பலருக்கு எடை சற்றுக் குறைவதையும் இரத்த அழுத்தம் ஓரளவு இறங்குவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நோய் கட்டுக்குள் உள்ள பலர் மருத்துவர் சொற்படி பத்திரமாக நோன்பு நோற்கிறார்கள். ஆனால் 2001-இல் 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமான சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த எபிடியார் ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை இறங்குவது, இரண்டாம் வகை நோயாளிகளிடம் மற்ற மாதங்களைவிட ரமளானில் ஏழரை மடங்காக இருந்தது.

அதைவிட என்னை அச்சுறுத்துவது மாத்திரைதான். மூன்று வேளை மாத்திரையை நம்மவர்கள் தாங்களாகவே இரண்டாக்குகிறார்கள். அல்லது மூன்றையும் ஸஹரில் ஒன்றாக விழுங்குகிறார்கள். ஸ்டென்ட் வைத்தவர் இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையைக் கைவிட்டால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளக்கூடும். சிறுநீரை அதிகமாக்கும் நீர் மாத்திரை போடுபவருக்குப் பகல் முழுதும் தண்ணீர் இல்லையென்றால் இரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து மயக்கம் வரலாம். எதை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்பதை மருத்துவரிடம் ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

நாங்கள் சொன்னால் “ஈமான் குறைந்த பேச்சு” என்று வாப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மிம்பரிலிருந்து நீங்கள் சொன்னால் கேட்பார். ஆகவே ரமளானுக்கு இரண்டு மாதம் முன்பே வரும் ரஜப் தொடங்கியதும் ஒரு ஜும்ஆ பயானை இதற்கென ஒதுக்குங்கள். நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்க அனுமதி உண்டு, தீராத நோயென்றால் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா உண்டு என்ற குர்ஆனின் அல்பகரா அத்தியாய வசனங்களை விளக்குங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ உடனே நோன்பை விட்டுவிட வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டி சொல்வதையும் கூறுங்கள். கஞ்சி வாங்க வரும் இடத்தில் இந்த இரண்டு எண்களையும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

வாப்பா வழக்கம்போல முதல் ஸஃப்பில்தான் இருப்பார். அவர் காதில் விழும்படி சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.
உங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு மகன்