செயலாளர் ஆண்டறிக்கை: காட்டுக் குரோக்கஸ் பிரிவு, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே இந்த அறிக்கை முழுவதும் குரோக்கஸ் செடிகளை, அதாவது குங்குமப்பூவின் பேரினத்தைச் சேர்ந்த செடிகளைப் பற்றியதே. இந்த ஆண்டு நமது உழைப்பில் பெரும்பகுதி பெயர்ச்சீட்டுகளைச் சரிபார்ப்பதற்கே போனது. அது வீண் வேலை அல்ல. பிரிட்டிஷ் தாவரவியலாளர் பிரையன் மேத்யூ 1982-இல் இந்தப் பேரினத்தைத் தொகுத்து வெளியிட்டபோது சுமார் 80 சிற்றினங்கள் இருந்தன. இன்று 200-க்கு மேல். பைஃபுளோரஸ், வெர்னஸ் என்ற சிற்றினப் பெயர்களில் அடங்கியிருந்தவை பலவாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பழைய சீட்டைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டே போனால் உறுப்பினர்களுக்கிடையேயான விதைப் பரிமாற்றத்தில் ஒரு விதையுறையைக்கூட நம்ப முடியாது.

ஜூலையில், தொட்டி மாற்றும் பருவத்தில், கந்தங்களை (மண்ணுக்கடியில் உள்ள கிழங்குகளை) ஆராய வைத்த கூட்டம்தான் அதிகப் பயன் தந்தது. பூவின் நிறம் ஏமாற்றும். கிரைசாந்தஸ் என்று விற்கப்படும் தோட்ட வகைகளில் மஞ்சள், வெள்ளை, நீலம் எல்லாமே உண்டு. கந்தத்தைப் போர்த்தியிருக்கும் காய்ந்த மேலுறையோ அவ்வளவு எளிதில் மாறாது. 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். உறையின் அடிப்பகுதி வளையம் வளையமாகக் கழன்றால் கிரைசாந்தஸ், பைஃபுளோரஸ், ஸ்பெசியோசஸ், புல்செல்லஸ் ஆகியவற்றில் ஒன்றாகத் தேடுங்கள். தடித்த வலைப்பின்னலாக இருந்தால் அங்குஸ்டிஃபோலியஸ் அல்லது கான்செல்லாட்டஸ். மெல்லிய நார்கள் ஏறக்குறைய இணையாக ஓடினால் டொமாசினியானஸ். லெவிகேட்டஸின் உறை வழவழப்பாகவும் கெட்டியாகவும் இருக்கும். ஃபிளெய்ஷெரியின் நார்கள் பாய் முடைந்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று போய்வரும். ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

கந்தத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று உறை முழுவதையும் உரித்து எறிவது கூடாது. ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு முழு உறையைக் காகித உறையில் போட்டு, தொட்டி எண்ணை எழுதி வையுங்கள்.

வசந்தத்தில் மஞ்சளாகப் பூப்பவற்றில் மூன்றைத்தான் உறுப்பினர்கள் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். அங்குஸ்டிஃபோலியஸுக்கு வலையுறை, வெளியிதழ்களின் முதுகில் பழுப்புக் கோடுகள். கிரைசாந்தஸுக்கு வளையமாகக் கழலும் உறை, மகரந்தப்பையின் அடிநுனி பல செடிகளில் கறுத்திருக்கும். ஃபிளேவஸின் உறை இணைநார்களாகக் கிழியும். பூங்காக்களில் காணும் பெரிய டச்சு மஞ்சள், ஃபிளேவஸும் அங்குஸ்டிஃபோலியஸும் கலந்த மலட்டுக் கலப்பினம். அதில் விதையை எதிர்பார்க்க வேண்டாம். குங்குமப்பூவான சாட்டிவஸும் அப்படித்தான். மூன்று தொகுதிக் குரோமோசோம்கள், மொத்தம் 24 உள்ள மலட்டுச் செடி அது. சாட்டிவஸ் விதை என்று வரும் உறையைப் பரிமாற்றத்தில் சேர்க்க மாட்டோம். உள்ளே இருப்பது பெரும்பாலும் அதன் காட்டு மூதாதையான கார்ட்ரைட்டியானஸாக இருக்கலாம். பூத்த பிறகு பெயரிடுவோம்.

இலையுதிர்காலத்தவற்றில் ஸ்பெசியோசஸின் மகரந்தப்பை மஞ்சள், புல்செல்லஸுடையது வெள்ளை. புல்செல்லஸ் பூவின் உள்ளடியும் ஆழ்ந்த மஞ்சள். இரண்டும் அருகருகே இருந்தால் கலந்துவிடும், ஆகவே தோட்டத்தில் தானாக முளைத்த நாற்றுகளுக்கு இந்தப் பெயர்களை உறுதியாக இடாதீர்கள். கோட்சியானஸின் இதழடியில் இரண்டிரண்டு மஞ்சள் புள்ளிகள் தெரியும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஒரு கோட்சியானஸ், குட்டிக் கந்தங்களாகப் பெருகுமே தவிர அரிதாகத்தான் பூக்கும். அதற்கு உரம் போட்டுக் காத்திருப்பதைவிட, விதையிலிருந்து வளர்ந்த நல்ல செடியைத் தேடுவதே மேல்.

செப்டம்பர் கூட்டத்துக்கு, குரோக்கஸைப் போலவே தோன்றும் வேறு பேரினமான கொல்கிகத்தின் பூக்களும் வந்தன. மகரந்தத்தாள்களை எண்ணுங்கள்: குரோக்கஸுக்கு மூன்று, கொல்கிகத்துக்கு ஆறு. இது பெயருக்காக மட்டும் அல்ல. கொல்கிகத்தின் எல்லாப் பகுதியிலும் உயிரைப் பறிக்கும் கொல்கிசின் உண்டு. நமது செங்காந்தளும் அதே குடும்பம், அதே நஞ்சு. குங்குமப்பூ என்று நினைத்து எவரும் அதைச் சமையலறைக்குக் கொண்டுபோகக் கூடாது.

வளர்ப்பு பற்றி. ஜான் இன்னஸ் 2-ஆம் எண் தொட்டி மண் கலவை இரண்டு பங்கு, பொடிச்சரளை ஒரு பங்கு, ஆழமான மண்தொட்டி, கந்தத்துக்கு மேல் 5 முதல் 7 செ.மீ. மண். மேலாக நட்டால் கந்தம் சிறுத்துப் பலவாகப் பிரிந்து பூ குறையும். முதல் நீரை, இலையுதிர்காலத்தில் பூப்பவற்றுக்கு ஆகஸ்ட் கடைசியிலும் மற்றவற்றுக்குச் செப்டம்பர் நடுவிலும் ஊற்றுங்கள். மண் சூடாக இருக்கும்போதே நனைத்தால் அழுகல் வரும். மிகத் தாமதித்தால் வேர் ஓடாமல் மொட்டு கருகும். பிப்ரவரி முதல் இலை மஞ்சளாகும்வரை பொட்டாஷ் மிகுந்த தக்காளி உரத்தைப் பாதி அளவில் கரைத்துக் கொடுங்கள். அடுத்த ஆண்டுக்கான கந்தம் இந்த வாரங்களில்தான் பருக்கிறது.

கோடையில் எல்லாவற்றையும் காயவைப்பது பெரிய தவறு. பனாட்டிகஸ், நூடிஃபுளோரஸ், பெலிஸ்டெரிகஸ், ஸ்கார்டிகஸ் ஆகியவை முற்றிலும் உலர்ந்தால் மடியும். கடைசி இரண்டும் பால்கன் மலைகளின் ஈரப் புல்வெளிகளில் பனி உருகும்போது பூப்பவை. பனாட்டிகஸ் இலையின் நடுவே வழக்கமான வெள்ளைக் கோடு இருக்காது; உள்ளிதழ்கள் வெளியிதழ்களைவிட மிகச் சிறியவை. இந்த இரண்டு அடையாளமும் சேர்ந்தால் வேறு சந்தேகமே வேண்டாம்.

இதழில் நிறம் சிதறியோ இலையில் வெளிர்க்கீற்றோ தெரிந்தால் வைரஸ் என்றே கொள்ளுங்கள். மருந்து கிடையாது. தொட்டியோடு அப்புறப்படுத்துங்கள், அதைப் பரப்பும் அசுவினிப் பூச்சியைக் கட்டுப்படுத்துங்கள். விதை வழியாக வைரஸ் பெரும்பாலும் தொடர்வதில்லை என்பதால் அரிய சிற்றினத்தில் முதலில் விதை எடுத்துக்கொள்ளலாம். எலிக்கு நெருக்கமான கண்ணுள்ள கம்பிவலை போதும்.

சூலகம் மண்ணுக்குள் இருப்பதால் பூ வாடியதும் காய் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். காய் மே, ஜூனில்தான் மேலே வரும். வெடிப்பதற்குள் பறித்து, செப்டம்பருக்குள் விதைத்து, 1 செ.மீ. சரளை மூடி வெளியில் குளிரில் விடுங்கள். இரண்டு பருவம் அதே தொட்டியில் இருக்கட்டும். மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில் பூக்கும்.

வரும் ஆண்டு முதல் பரிமாற்ற விதையுறைகளில் தாய்ச்செடியின் மேலுறை வகையும் மகரந்தப்பை நிறமும் கட்டாயம் எழுதப்பட வேண்டும் என்று நிர்வாகக் குழு முன்மொழிகிறது. காட்டில் தோண்டி எடுத்த கந்தங்களை ஏற்பதில்லை என்ற விதியும் தொடரும். பிப்ரவரிக் கூட்டத்துக்குத் தொட்டி கொண்டுவருவோர் அரை மணி நேரம் முன்பே வந்து வெளிச்சமான சன்னலோரத்தில் வையுங்கள். குளிரில் மூடிக்கிடக்கும் பூவில் மகரந்தப்பையைப் பார்க்க முடியாது.

இப்படிக்கு,
செயலாளர்