பால்மரத்தில் கடைந்த கிண்ணம்

சுங்கை சிப்புட்,
பேராக், மலேசியா.

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலமும் அம்மா நலமும் தம்பியின் படிப்பும் அறிய ஆவல். போனில் பேசினால் அம்மாவின் கேள்விகளுக்குப் பதில் சொல்லவே நேரம் போய்விடுகிறது. "கிண்ணம் கடைகிறாயாமே, என்ன மரம், எப்படிப் பிடிக்கிறாய்?" என்று நீங்கள் கேட்டதை அரைகுறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. அதற்காகவே இந்தக் கடிதம்.

ஊரைச் சுற்றி இப்போது பெரும்பாலும் செம்பனைதான். இடையிடையே சின்னத் தோட்டங்களில் ரப்பர் நிற்கிறது. இங்கே எல்லாருக்கும் அது பால்மரம். இருபத்தைந்து முப்பது வருஷம் ஆனதும் பால் குறைந்துவிடும், வெட்டிவிட்டு மறு நடவு செய்வார்கள். முன்பெல்லாம் வெட்டிய மரம் அடுப்புக்கும், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடவும்தான் போனதாம். இப்போது மலேசியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் போகிற மேசை நாற்காலியில் பெரும்பகுதி இந்த மரம்.

மாமா பட்டறையில் கட்டில், அலமாரி, சாமி அறைக் கதவு செய்கிறார்கள். கட்டில் கால் கடைய வாங்கிய லேத், அதாவது கடைசல் இயந்திரம், ஒன்று மூலையில் சும்மா கிடந்தது. நம் வீட்டுச் சொப்புக் கடைசலில் எனக்கு அரக்குப் போட்டுத் தாழை ஓலையால் தேய்க்கிற வேலைதான், உளி உங்களோடும் தம்பியோடும் இருந்தது. இங்கே மாமா உளியையே கையில் கொடுத்துவிட்டார்கள். கொண்டையை இறுக்கிக் கட்டி, தாலிச் சங்கிலியை உள்ளே போட்டு, மாமாவின் பழைய முழுக்கைச் சட்டையை மேலே மாட்டி, முகத்துக்குக் கண்ணாடி மூடியும் போட்டுக்கொண்டுதான் நிற்கிறேன். அம்மாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

சரி, மரத்துக்கு வருகிறேன். வெட்டிய சில நாளிலேயே நீலக்கறை ஏறிவிடும், வண்டும் துளைக்கும், மாவுச்சத்து அவ்வளவு உள்ள மரம். மரக்கிடங்கில் போரான் மருந்து ஏற்றிச் சூளையில் காயவைப்பார்கள். சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு மருந்து ஏற்றிய பலகையை எடுக்க எனக்கு இஷ்டமில்லை. அதனால் வெட்டிய கையோடு பச்சைக்கட்டை வாங்கி, பட்டையைச் சுத்தமாக உரித்து, நடுத்தண்டு வராமல் பிளந்து, அன்றைக்கே லேத்தில் ஏற்றிவிடுகிறேன்.

இங்கேதான் அப்பா, நீங்கள் கவனிக்க வேண்டியது. நீங்கள் கடைகிற சொப்பில் ரேகை, அதாவது மரத்தின் நார் ஓட்டம், லேத்தின் நீளவாக்கில் ஓடும். கிண்ணத்தில் ரேகை குறுக்கே கிடக்கிறது. ஒரு சுற்றுக்குள் உளிக்கு முன்னால் பக்க நாரும், நார் நுனி தெரியும் வெட்டுமுகமும் இரண்டிரண்டு தடவை மாறி மாறி வருகின்றன. "பருமனிலிருந்து ஒல்லிக்கு இறக்கு" என்பீர்களே, அது இங்கே அப்படியே தலைகீழ். வெளிப்பக்கத்தை அடியிலிருந்து வாய்க்கு, சின்ன வட்டத்திலிருந்து பெரிய வட்டத்துக்குச் சீவ வேண்டும். உள்ளே விளிம்பிலிருந்து நடுவுக்கு. சொப்புப் பானையை நீங்கள் நடுவில் துளைத்து வெளியே அகட்டிக்கொண்டு வருவீர்கள், இதில் அது ஆகாது. இந்தத் திசையில் போனால்தான் அறுபடுகிற நாரைத் தாங்க அடுத்த நார் இருக்கும். எதிர்த்துப் போனால் வெட்டுமுகம் பிய்ந்து சொரசொரத்துவிடும். உங்கள் கையைச் சின்ன வயதிலிருந்து பார்த்த கண்ணுக்கு இது புதுசு. இப்போது கை தானாகத் திரும்புகிறது.

முதலில் வாய்ப்பக்கத்தை லேத்தின் தகட்டில் திருகு போட்டுப் பிடித்து வெளியை உருட்டுவேன், அடியில் ஒரு சின்னக் குமிழும் விடுவேன். அப்புறம் திருப்பி, நாலு தாடை உள்ள சக் என்கிற பிடிப்பானில் அந்தக் குமிழைக் கவ்வக் கொடுத்து உள்ளே குடைவேன். பச்சை மரம் என்பதால் சீவல் நீளநீளமாகச் சுருண்டு தோள் மேல் விழும், புளித்த வாசனை. ஆனால் இந்தத் தடவை முடிக்கக் கூடாது. 10 அங்குலக் கிண்ணத்துக்குச் சுவர் 1 அங்குலம் விட்டு, வெட்டுமுகத்தில் மெழுகு தடவி, காகிதப் பையில் அதன் சீவலோடேயே போட்டு வைக்கிறேன். மெதுவாகக் காய மாதக்கணக்கில் ஆகும், இங்கே மழை அப்படி. அவ்வப்போது தராசில் வைப்பேன், எடை குறைவது நின்றால் காய்ந்தது என்று அர்த்தம். அதற்குள் வட்டம் கோணி நீள்வட்டமாகியிருக்கும். மறுபடி ஏற்றி, கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சுவர் நிற்கிற வரை கடைந்தால் பிறகு பெரிதாக அசையாது.

இந்த மரத்தில் ஒரு தொந்தரவு உண்டு. சாய்ந்து வளர்ந்த மரமென்றால் சில இடத்தில் பஞ்சு பஞ்சாக நார் எழும். உளியைத் தீட்டித் தீட்டித்தான் வழிக்குக் கொண்டுவர முடியும். உப்புத்தாள் 120-இல் தொடங்கி 320 வரை போய், ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்து, எழுந்த நாரை மறுபடி தேய்த்துவிட்டால் கன்னத்தில் வைக்கலாம்.

மெருகுக்கு அரக்குப் போடவில்லை. சூடான சாம்பார் பட்டால் இளகும் என்று உங்களுக்கே தெரியும். தேங்காய் எண்ணெய் இறுகவே இறுகாது, நாளானால் சிக்குவாடை. டங் எண்ணெய் என்று ஒரு கொட்டை எண்ணெய் இரும்புக்கடையில் கிடைக்கிறது, காற்றுப்பட்டால் மரத்துக்குள்ளேயே இறுகும். மெல்லிசாகத் தடவி, துடைத்து, காயவிட்டு, மறுபடி. துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடாகித் தீப்பிடிக்கும், அதனால் விரித்துக் கொடியில் போடுகிறேன்.

முதல் கிண்ணத்தைப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கொடுத்தேன். தோட்டத்து லயத்தில் பிறந்து, விடியுமுன்னே நெற்றி விளக்கோடு மரம் சீவப் போனவர். பட்டையை மட்டும்தான் சீவ வேண்டுமாம், கத்தி மரத்தைத் தொட்டால் அந்தக் காயத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், மறு வெட்டுக்கு ஆகாது. காயத்தைப் பார்த்தால் கங்காணி ஏசுவாராம். பாட்டி விரலை விளிம்பில் ஓட்டி, வெளிர் மஞ்சள் மரத்தில் கோடு கோடாக ஓடும் துளைகளைத் தடவித் தடவிப் பார்த்தார். "அடுப்புல வச்சிருக்கேன், சோத்துக்கு முன்னால வச்சதில்ல பிள்ள" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இப்போது அதில் முறுக்கு இருக்கிறது. போன வாரம் அவரையும் கூட்டிக்கொண்டு கோலகங்சார் போனோம், 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. அதையும் அவர் பட்டையில் கைவைத்துத்தான் பார்த்தார்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. விளிம்புக்குக் கீழே, வெளிப்பக்கம் மட்டும், நம் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு வரி அரக்கு ஓட்ட ஆசை. தாழை இனத்து மெங்குவாங் இங்கே வாய்க்கால் ஓரம் நிறைய வளர்கிறது, ஓலைக்குக் கவலையில்லை. ஊரிலிருந்து வருகிறவர்கள் யாரிடமாவது அரக்குக் குச்சி நாலைந்து கொடுத்துவிடுங்கள். சொப்புக்கு வைக்கிற வேகம் இவ்வளவு பெரிய வட்டத்துக்கு அதிகம் என்று நினைக்கிறேன், விளிம்பு பறக்கும். எவ்வளவு குறைத்தால் அரக்கு இளகவும் வேண்டும், தெறிக்கவும் கூடாது? குறுக்கு ரேகையில் அது சீராக ஏறுமா? கடிதமாகவே எழுதுங்கள், மாமாவுக்கும் படித்துக் காட்டுவேன்.

அம்மாவுக்கும் தம்பிக்கும் என் அன்பு.

உங்கள் அன்பு மகள்