உன் வீட்டு வெள்ளைப் பூ

நிஷிகசாய், டோக்கியோ
நவம்பர் 9

அன்பு மகள் நித்யாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அண்ணன், அண்ணி, குட்டிப்பயல், நான் எல்லோரும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல்.

ஆகஸ்டில் நீ அனுப்பிய படத்துக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்று அண்ணனிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். வேலியோரம் கொத்தாகப் பூத்து நிற்கிறது, வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள், இது நம் ஊர்ச் செவ்வந்தியா, இல்லையென்றால் பிடுங்கிவிட்டுச் செவ்வந்தி வைக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். 'செவ்வந்தி இல்லை' என்று அன்றைக்கே வாட்ஸப்பில் போட்டிருக்கலாம். 31 வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் எடுத்தவளுக்கு இரண்டு சொல்லில் பதில் சொல்ல வருமா? அதுவும் தவிர, உன் பூவின் தாய்வீட்டை நான் இங்கே வந்த பிறகுதான் கண்ணால் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அண்ணி சொல்லி நீ சிரிப்பதற்கு முன் நானே சொல்வது கௌரவம்.

சரஸ்வதி பூஜைக்குப் பூ வாங்கச் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். வாசலருகே வாளிகளில் மஞ்சளும் வெள்ளையுமாகச் செவ்வந்திக் கொத்துகள். பின்னால் பச்சை இலை வைத்து, விசிறி போல அடுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒரு கொத்து 398 யென். ரோஜாவெல்லாம் யானை விலை. ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் கிலோக் கணக்கில் வாங்கிப் பழகியவளுக்கு மனம் வரவில்லைதான், ஆனாலும் இரண்டு கொத்து வாங்கிவந்தேன். லிஃப்டில் பக்கத்து வீட்டுப் பாட்டி பூவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். நானும் குனிந்தேன். இந்த ஊரில் காரணம் கேட்டுக்கொண்டு குனிய முடியாது.

மறுநாள் காலை கதவைத் தட்டி, மெல்லிய தாளில் சுற்றிய ஊதுபத்திப் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினார். அண்ணிதான் புரியவைத்தாள். நான் வாங்கிய கொத்து, கல்லறைக்கும் வீட்டில் இறந்தவர்களுக்கு வைத்திருக்கிற மாடத்துக்கும் வைப்பதற்கென்றே கட்டி விற்பது. அந்த மாடத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக வைப்பார்களாம். நானும் கணக்காக இரண்டு வாங்கியிருக்கிறேன். நம் வீட்டில் யாருக்கோ திதி என்று பாட்டி நினைத்துவிட்டார்.

அண்ணி உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையை அழுத்தி, "என் வீட்டுக்காரருக்கு என்று சொல்" என்றேன். பொய் இல்லையே? உன் அப்பாவுக்குப் பூ வைக்க நாள் பார்க்க வேண்டுமா என்ன. அந்த ஊதுபத்தியில் பாதி சரஸ்வதிக்கு, பாதி அப்பாவுக்கு. புகை குறைவு, வாசமும் நம் ஊர்ப் பத்தி போல மூக்கில் ஏறவில்லை. அப்பாவுக்குப் பிடித்திருக்கும், பத்தி கொளுத்தினாலே தும்முவாரே.

"சாமிக்கு வைக்கிற பூவைப் போய் இவர்கள் சாவுக்கு வைக்கிறார்களே அத்தை" என்றாள் அண்ணி. நம் ஊரில் மட்டும் என்னவாம்? மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்று இன்னொரு பெயரே உண்டு. அதே செவ்வந்தியைத்தான் பாடையிலும் கட்டுகிறோம், தெரு நெடுக உதிர்த்துக்கொண்டும் போகிறோம். இங்கேயும் அப்படித்தான், இந்தப் பூவுக்கு ஓய்வே கிடையாது. பேரரசரின் முத்திரை 16 இதழ்ச் செவ்வந்தி. பாஸ்போர்ட் அட்டையில் செவ்வந்தி, 50 யென் காசில் செவ்வந்தி. கடையில் பச்சை மீன் துண்டு அடுக்கிய தட்டின் மேல், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு மஞ்சள் செவ்வந்தி உட்கார்ந்திருக்கிறது. இதழைப் பிய்த்துச் சோயா சாஸில் தூவிச் சாப்பிடுவார்களாம். 'ஷுங்கிகு' என்று ஒரு கீரை விற்கிறது. அதுவும் இந்த இனம்தான். பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தேன். அடுப்படி முழுக்கப் பூக்கடை வாசம். அண்ணன் இரண்டாம் முறை கேட்கவில்லை.

உன் படத்துக்கு வருகிறேன். காலையில் குட்டிப்பயல் தூங்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். ரயில் இங்கே தலைக்கு மேலே பாலத்தில் ஓடுகிறது. அந்தத் தூண்களின் அடியில், சிமென்ட் பிளந்த இடமெல்லாம், முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. பார்த்ததும் உன் படம்தான் நினைவுக்கு வந்தது. பறித்துப் பார்த்தேன். இதழ்கள் நூல் கிழித்தது போல அத்தனை மெல்லிசு; உன்னுடையது அகல இதழ். தண்டை ஒடித்தால் உள்ளே வெண்மையாகச் சோறு அடைத்திருந்தது. இது ஹிமேஜோன். இதற்கு ஹருஜியோன் என்று ஒரு சகோதரி உண்டு, வசந்தத்தில் பூப்பவள். அவளுக்குத் தண்டு குழல், மொட்டுத் தலையைத் தொங்கப்போட்டிருக்கும். இரண்டும் வட அமெரிக்காவிலிருந்து தோட்டத்து அழகுக்கென்று வந்து, தோட்டத்தைத் தாண்டித் தெருவுக்கு இறங்கியவை. இன்றைக்குக் களை.

நான் பூவும் கையுமாக நிற்பதைப் பார்த்து ஒரு தாத்தா சிரித்தார். அண்ணனிடம் கேட்டதில், இதற்கு 'ஏழைப்பூண்டு' என்று ஒரு பெயர், பறித்தால் தரித்திரம் வரும் என்பார்களாம். நமக்குக் கிணற்றடிப் பூண்டு இல்லையா? அதன் நீளக் காம்பைப் பிடித்துக்கொண்டு "தாத்தா தாத்தா, காசு கொடுக்கிறாயா, தலையை வெட்டட்டுமா" என்று பூவைச் சுண்டி எறிவோமே. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இதே குடும்பத்துச் செடிதான். இந்தக் குடும்பத்தில் ஒரு பூ என்று நாம் பார்ப்பது ஒரு பூவே இல்லை, நூற்றுக்கணக்கான பூக்கள் ஒரே தட்டில் உட்கார்ந்திருக்கும் கூட்டம். சுற்றியுள்ள ஒவ்வொரு வெள்ளை இதழும் ஒரு பூ, நடு மஞ்சளில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பூ. சிரமஞ்சரி என்று எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன். சரி, வகுப்பு முடிந்தது.

சிரித்த தாத்தாவின் வீடு இரண்டு தெரு தள்ளி. இந்தப் பக்கத்து வீடுகளுக்கு முன்னால் மண் கிடையாது. வாசற்படிக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஒரு முழம் இடம் இருந்தால் பெரிது. மீன் கடையில் கழித்த தெர்மோகோல் பெட்டியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, அந்த ஒரு முழத்தில் தோட்டம் போட்டுவிடுகிறார்கள். தாத்தா வாசலில் மூன்று தொட்டிப் பெருஞ்செவ்வந்தி. ஒரு செடிக்கு மூன்றே பூ, ஒவ்வொன்றும் குட்டிப்பயலின் தலை அளவு. மற்ற மொட்டையெல்லாம் கிள்ளிவிடுவார் போல. ஒவ்வொரு பூவுக்கு அடியிலும் வளையல் மாதிரி ஒரு கம்பி வட்டம் தாங்கிக்கொண்டிருக்கிறது. இல்லாவிட்டால் சொந்தக் கனத்தில் இதழ் சரிந்துவிடும். மழை வந்தால் கண்ணாடிக் குடை.

அந்தப் பந்தாவுக்குப் பக்கத்தில், ஒரு மீன் பெட்டியில், யாரும் தாங்காமல் நின்றது அது. வெள்ளை அகல இதழ், மஞ்சள் நடு. அச்சு அசல் உன் படம்! இலையில்தான் வித்தியாசம், தடித்து, எண்ணெய் தடவிய மாதிரி மின்னியது. பெயர் கேட்டேன். "ஹமாகிகு" என்றார். ஹமா என்றால் கடற்கரை, கிகு என்றால் செவ்வந்தி. வடகிழக்குக் கடலோரப் பாறைகளில் தானாக வளர்வது.

நான் பாடம் எடுத்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. உன் கலிஃபோர்னியாவிலேயே, உன் ஊரிலிருந்து காரில் போகும் தூரத்தில் இருக்கிற சாண்டா ரோசாவில் லூதர் பர்பாங்க் என்று ஒரு செடி வித்தகர் இருந்தார். தூய வெள்ளையில் ஒரு டெய்சி வேண்டும் என்று ஐரோப்பிய வகைகளை ஒன்றோடொன்று கலந்து பார்த்தார். அவர் நினைத்த வெள்ளை வரவில்லை. கடைசியில் ஜப்பானிலிருந்து இந்தக் கடற்கரைச் செவ்வந்தியை வரவழைத்து அதோடு கலந்தார். ஏறக்குறைய 17 வருடப் பாடு. 1901இல் வெளியிட்டு, கலிஃபோர்னியாவின் பனிமலை பெயரையே வைத்தார்: சாஸ்தா டெய்சி. உன் வேலியோரம் நிற்பது அதுதான். ஐயம் இருந்தால் இலையைக் கசக்கி முகர்ந்து பார். செவ்வந்தி என்றால் இலை பிளவுபட்டிருக்கும், வாசம் கையை விட்டுப் போகாது. உன்னுடையது பிளவில்லாமல் ஓரம் மட்டும் பல்பல்லாக இருக்கும்.

போன ஞாயிறு அண்ணன் ஷின்ஜுகு அரசுத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனான். நவம்பர் முதல் பதினைந்து நாள் அங்கே செவ்வந்திக் காட்சி. ஒரே செடியில் நூற்றுக்கணக்கான பூவை வரிசை பிசகாமல் குடை போல விரித்திருந்தார்கள். நம்பாமல் குனிந்து அடியைப் பார்த்தேன், தண்டு ஒன்றுதான். பிரமிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பூவாவது கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கக் கூடாதா என்றும் இருந்தது. மீன் பெட்டியில் நின்ற ஹமாகிகுவுக்கே என் ஓட்டு.

அதனால் பிடுங்காதே. பூத்து வாடிய காம்புகளை அடியோடு நறுக்கிவிடு. மார்ச்சில் தூரைத் தோண்டி இரண்டாக, மூன்றாகப் பிரித்து நடு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பிரிக்காவிட்டால் நடுவில் பட்டுப்போகும். பிரித்த இடத்தில் செவ்வந்தியும் வைத்துக்கொள். இடத்துக்கா பஞ்சம், உன்னிடம் மண் இருக்கிறது.

உறைக்குள் ஒரு 50 யென் காசு வைத்திருக்கிறேன். நடுவில் ஓட்டை இருப்பதைப் பார்த்ததும் பழைய ஓட்டைக் காலணா ஞாபகம் வந்து, ஒன்றைக் குட்டிப்பயலின் அரைஞாண் கயிற்றில் கட்டிவிட்டேன். உனக்கு ஏன் அனுப்புகிறேன் என்று அர்த்தம் தேடாதே. சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்.

அன்புடன்,
அம்மா