ஸ்பெரான்ஸ்கியை வீழ்த்திய இரண்டு ஆணைகள்

அன்புள்ள தம்பிக்கு,

அரசியல் சட்டம் எழுதப் போனதால்தான் ரஷ்ய ஜார் முதலாம் அலெக்சாண்டரின் ஆலோசகர் மிகயீல் ஸ்பெரான்ஸ்கி வீழ்ந்தார் என்று எழுதியிருந்தாய். எனக்கு உடன்பாடில்லை. 1809இல் அவர் தீட்டிய டூமா (தேர்ந்தெடுத்த மன்றம்) திட்டத்தைப் படித்தவர்களே மிகச் சிலர். பிரபுக்களைச் சுட்டவை அதே ஆண்டு வெளிவந்த இரண்டு ஆணைகள்.

ஜார் மகா பீட்டர் வகுத்த அரசுப் பதவி ஏணியில் 14 படிகள்; 1ஆம் படியே உச்சி. அரண்மனைப் பட்டம் வாங்கிய பிரபு வீட்டுப் பையன் ஒருநாளும் வேலை பார்க்காமலே 5ஆம் படியில் போய் நிற்கலாம். ஏப்ரல் ஆணை அந்தப் பட்டத்தை வெறும் அலங்காரமாக்கியது. இரண்டு மாதத்துக்குள் உண்மையான அரசுப் பணியைத் தேர்ந்துகொள்ளச் சொன்னது. ஆகஸ்ட் ஆணை இன்னும் கடுமை. 8ஆம் படிதான் பரம்பரைப் பிரபுத்துவம் தரும் படி. அதில் ஏறப் பல்கலைக்கழகச் சான்றிதழ் வேண்டும், இல்லையேல் தேர்வு எழுத வேண்டும்: ரஷ்ய மொழி, ஓர் அந்நிய மொழி, சட்டம், வரலாறு, புவியியல், கணிதம், இயற்பியல். இருபது வருடம் கோப்பு நகலெடுத்த குமாஸ்தா ரோமானியச் சட்டத்துக்கு எங்கே போவார்? நோக்கம் சரி, ஆனால் பழைய ஊழியர்களுக்கு விலக்கு தராதது பெரும் பிழை. மேலே பிரபுக்கள், கீழே குமாஸ்தாக்கள், இரு பக்கமும் ஒரே நேரத்தில் பகையானது.

அடுத்தது வரி. காகிதப் பணம் மதிப்பிழந்துகொண்டிருந்தது. 1812 பிப்ரவரியில் 500 ரூபிளுக்கு மேற்பட்ட பண்ணை வருமானத்துக்கு 1 முதல் 10 சதவீதம் வரை வரி வந்தது. அதுவரை வரி கட்டியே பழகாத வர்க்கம் அது. கிராமப் பாதிரியார் மகனான அவருக்கோ தாங்கிப் பிடிக்க உறவும் இல்லை, கட்சியும் இல்லை. இருந்தது ஜாரின் நம்பிக்கை ஒன்றுதான். நெப்போலியனோடு போர் நெருங்கிய வேளையில் பிரபுக்களின் ஆதரவு தேவைப்பட்ட அலெக்சாண்டர் அதையும் விலக்கிக்கொண்டார்.

மார்ச் 17 இரவு ஜாரிடம் இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வீடு திரும்பினால், போலீஸ் அமைச்சர் பலாஷோவ் காத்திருந்தார். காகிதங்களுக்கு முத்திரை வைத்தார்கள். அன்றிரவே நீஷ்னி நோவ்கோரது நகருக்கு நாடுகடத்தும் வண்டி. விசாரணை ஏதும் இல்லை. இலையுதிர்காலத்தில் இன்னும் தொலைவிலுள்ள பெர்ம் நகருக்கு மாற்றினார்கள்.

கதையை அங்கேயே முடித்துவிடாதே. 1816இல் பென்ஸா ஆளுநர், 1819இல் சைபீரியத் தலைமை ஆளுநர். பிறகு அடுத்த ஜார் நிக்கோலஸ் காலத்தில் 1649 முதலான சட்டங்களைத் திரட்டி 45 தொகுதிகளாக 1830இல் அச்சேற்றினார். நடப்புச் சட்டங்களை மட்டும் வகைப்படுத்தி இன்னும் 15 தொகுதிகள்.

தேதி போடும்போது கவனம்: மார்ச் 17 என்பது ரஷ்யாவில் அப்போது வழங்கிய பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி. அந்த நூற்றாண்டுக்கு 12 நாள் கூட்டினால் நம் கணக்கில் மார்ச் 29.

அன்புடன்,
அண்ணன்