என் நிரலை எனக்குக் கேட்கச் செய்தவர்களுக்கு

மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே இருவருக்கும், நான் பெயரறியாத பலருக்கும் வணக்கம்.

நான் பார்வை மாற்றுத்திறனாளி. பைத்தானில் நிரல் எழுதுவது என் தொழில். ஒரு வரி எந்த நிபந்தனைக்குள் அடங்குகிறது என்பதை அந்த மொழியில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிதான் சொல்லும். கண்ணால் பார்ப்பவருக்கு அது உடனே புலப்படும். எனக்கு அதை, கணினித் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்னும் திரைநவிலி மென்பொருள் ஒலியாக்கித் தருகிறது. வரி உள்ளே போகப் போகச் சுருதி ஏறுகிறது, வெளியே வந்தால் இறங்குகிறது.

2006-இல் கரன் தொடங்கிய வேலை இது. டே பிறகு சேர்ந்துகொண்டார். நீங்கள் இருவருமே பார்வையற்றவர்கள். விலைக்கு விற்ற திரைநவிலிகள் எங்கள் மாணவர்களுக்கு எட்டாதிருந்தபோது, இதை இலவசமாக, மூலநிரலையும் திறந்துவைத்துக் கொடுத்தீர்கள். பெரும்பகுதி பைத்தானிலேயே எழுதப்பட்டிருப்பதால் உள்ளே போய் நானே படித்துப் பார்க்கவும் முடிகிறது.

என்விடிஏவில் எனக்குப் படித்துச் சொல்லும் ஈஸ்பீக் குரலை உருவாக்கிய ஜோனதன் டடிங்டனுக்கும் அதை இன்று பேணிவருபவர்களுக்கும் நன்றி. இயந்திரக் குரல் என்று பலர் முகம் சுளிப்பார்கள். எவ்வளவு வேகம் கூட்டினாலும் சொல் சிதையாத அந்தக் குரலை நான் விடமாட்டேன். என்விடிஏவைத் தமிழில் தந்த தன்னார்வலர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் வந்ததும் மறுபடி வாசலில் நிற்க நேர்ந்தது. நான் பயன்படுத்திய ஒன்றில் பொத்தான்களுக்குப் பெயரே இல்லை; எதைத் தொட்டாலும் ‘பொத்தான்’ என்றுதான் கேட்டது. பதிலும் துண்டுதுண்டாக வந்து விழுந்தது. சலிக்காமல் குறை எழுதி அனுப்பிய பயனர்களுக்கும், அதைப் படித்துத் திருத்திய பொறியாளர்களுக்கும் எப்படி நன்றி சொல்வேன்! இன்று விஷுவல் ஸ்டுடியோ கோடு என்னும் நிரல் எழுதும் செயலியில் ஆல்ட், எஃப்2 விசைகளைச் சேர்த்து அழுத்தினால், உதவியாளரின் பதில் தனியே திறக்கிறது. வரிவரியாக, வேண்டுமானால் எழுத்தெழுத்தாகக் கேட்கிறேன். இந்த உதவியாளர்கள் தவறான நிரலையும் தயக்கமில்லாமல் எழுதித் தருபவை. அதைச் சோதித்துப் பார்த்து மறுக்க முடிவதுதான் எனக்குப் பெரிது. அது இல்லையேல் இந்தத் தொழிலில் எனக்கு இடமில்லை.

எங்கள் குழுவில் ஒருவர், பிழைச் செய்தியைப் படமெடுத்து அனுப்பாமல் எழுத்தாகவே நகலெடுத்து அனுப்புகிறார். நான் கேட்டுக்கொண்டதில்லை, தானாகவே தொடங்கினார். நேரில் நன்றி சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறார். அதனால் அவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நன்றி, தோழரே.